மூன்று பூட்டும் ஒரு முளையும்

கதை சின்னது. கேள்வி கடைசியில் வரும். அதுவரை அவசரப்பட வேண்டாம். அவசரப்பட்டவன் ஒருவன் கதைக்குள்ளேயே இருக்கிறான்.

காரைக்குடிப் பக்கத்தில் ஓர் ஊர். சாத்தப்பன், உலகப்பன், லெட்சுமணன் மூவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள், பங்காளிகள். சாத்தப்பன்தான் மூத்தவர், ஊரோடு இருப்பவர். மற்ற சொத்தையெல்லாம் பிரித்தாயிற்று. பிரிக்க முடியாமல் நின்றவை பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பீங்கான் பொம்மைகள். குடை பிடித்த பெண், மீசைக்காரச் சிப்பாய், கிளிக்கூண்டு தூக்கிய கிழவன். யாருக்கு எது என்று ஒரு பகல் முழுக்கச் சண்டை. கடைசியில் மூன்று பீரோவில் இருந்ததை ஒரே கண்ணாடி பீரோவில் நெருக்கி அடுக்கி, அந்தப் பக்கத்து வழக்கப்படி ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். மூன்று சாவியும் வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் இல்லாமல் மற்றவர் கை வைப்பதில்லை என்று குலதெய்வத்தின் பேரில் சத்தியமும் ஆயிற்று.

பூட்டு மூன்றும் அசல் திண்டுக்கல் பூட்டு. கண்ணாடி மட்டும் ஜன்னலுக்குப் போடுகிற மெல்லிசுக் கண்ணாடி. உடைந்தால் கத்தி கத்தியாக விழும். உள்ளே தட்டுகளும் அதே கண்ணாடிதான். மூலைக்கொரு மரமுளை அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. முளையை யார் பார்க்கிறார்கள்?

வருஷத்தில் ஒருநாள், முன்னோர்க்குப் படைக்கிற படைப்பன்று, மூவரும் பீரோ இருக்கிற சாத்தப்பன் வீட்டில் கூடுவார்கள். முன்னோர்மேல் இருக்கிற பாசத்தால் அல்ல, பூட்டு அப்படியே இருக்கிறதா என்று பார்க்கத்தான் மற்ற இருவரும் வருகிறார்கள் என்பது சாத்தப்பனுக்குத் தெரியும். எதற்கோ வருகிறார்களே, அது போதும் என்று விட்டுவிட்டார். பீரோ போனால் படைப்பும் போச்சு.

இந்த வருஷம் லெட்சுமணன் வரவில்லை. மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போயிருந்தான். சாவியும் அவனோடு போயிருந்தது.

அன்று காலையில்தான் சாத்தப்பன் அதைக் கண்டார். மேல்தட்டின் முன்பக்கத்து முளை ஒன்று, உளுத்துப்போன பலகையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. தட்டு கதவுப் பக்கம் சரிந்திருந்தது. பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்கிறவர்களைப் போலப் பொம்மைகள் முன்னால் சாய்ந்து நின்றன.

உலகப்பன் பார்த்ததும், "கண்ணாடியை உடைச்சு எடுத்துருவோம்ணே" என்றான்.

அவனே லெட்சுமணனுக்குப் போன் போட்டான்.

"சத்தியம் சத்தியம்தான். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படாது."

"நீ வர்றதுக்குள்ள அது கீழே வந்துரும்டா!"

"வரட்டும். உடைஞ்சா மூணு பேருக்கும் உடையட்டும். நீ எடுத்தா உனக்கு மட்டும்ல முழுசா இருக்கும்."

போன் கட்டாகிவிட்டது. உலகப்பன் திரும்பினான். "மூத்தவர் நீங்கதானே, ஒரு வார்த்தை சொல்லுங்க."

இந்த இரண்டு குரலையும் கேட்டுக் கேட்டுச் சலித்த காது அது. "பார்ப்போம்" என்றார் சாத்தப்பன்.

"பார்த்துக்கிட்டே இருங்க. அதுக்குத்தானே கண்ணாடி போட்டிருக்கு!" என்று சொல்லிவிட்டு, சாப்பாடு முடிந்ததும் உறவுக்காரர்களை பஸ் ஏற்றிவிடப் போய்விட்டான்.

சாத்தப்பன் கடப்பாரையால் பீரோவின் முன்கால்களை ஒவ்வொன்றாக நெம்பி, அடியில் விறகுச் சிராய்களைச் செருகினார். பீரோ சுவரோடு மல்லாந்து சாய்ந்தது. மேல்தட்டின் பாரம் பின்முளைகளுக்குப் போயிற்று. முன்முளை அசையாமல் நின்றது. லேசாக ஆட்டிப் பார்த்தார். கிண்ணென்று இருந்தது. லெட்சுமணன் வரும்வரை தாங்கும். பூட்டும் உடையவில்லை, கண்ணாடியும் உடையவில்லை, சத்தியமும் உடையவில்லை.

"பஸ் ஏத்தப் போன தம்பிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க" என்றார் மனைவி சிகப்பி.

"வந்து பார்க்கட்டும். கண்ணு இருக்குல்ல."

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துருமா உங்களுக்கு?"

சாத்தப்பன் கடப்பாரையை மூலையில் சாத்தினார். உள்ளே போய்ப் படுத்தார். அசதி. தூங்கிப்போனார்.

உலகப்பன் திரும்பி வந்தான். காலையில் தட்டு மட்டும் சாய்ந்திருந்தது. இப்போது பீரோவே சாய்ந்து நின்றது. பொம்மைகள் பின்னால் சறுக்கி ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. காலடி இருட்டில் சிராய்கள் அவன் கண்ணில் படவில்லை. மொத்தமும் விழப்போகிறது என்று நினைத்தான். ஓடிப்போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து கதவுக் கண்ணாடியில் அடித்தான்.

கண்ணாடி பாளம் பாளமாக மேல்தட்டில் விழுந்தது. மேல்தட்டு இரண்டாகப் பிளந்து அடுத்த தட்டில் விழுந்தது. அப்புறம் எல்லாமே தரையில். அவன் உள்ளங்கையும் கிழிந்துபோயிற்று. சத்தம் கேட்டு சாத்தப்பன் வந்தபோது கிளிக்கூண்டுக் கிழவன் ஒருவன்தான் முழுசாக இருந்தான். குடை தனியாகக் கிடந்தது, பிடித்திருந்தவளைக் காணோம். கதவில் மூன்று பூட்டும் பத்திரமாகத் தொங்கின.

மறுபடியும் போன். "சத்தியத்தை உடைச்சவன் நீ!" "சாவியைக் கொண்டுபோய் வச்சுக்கிட்டவன் நீ!" சாத்தப்பன் துடைப்பத்தை எடுத்தார்.

லெட்சுமணன் சொல்லைக் காத்தான். உலகப்பன் பொருளைக் காக்கப் பார்த்தான். சாத்தப்பன் இரண்டையும் காத்தார். அப்படியானால் பொம்மைகள் உடைந்தது யாரால்? யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: சாத்தப்பனால். லெட்சுமணன் பிடிவாதக்காரன்தான், உலகப்பன் அவசரக்காரன்தான். ஆனால் இருவரும் மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னார்கள். விழாமல் இருக்க இவர் செய்த வேலை, பார்ப்பவனுக்கு விழப்போவதைப் போலத் தெரியும். அதற்கு ஒரு வார்த்தை சேர்த்திருக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் சிகப்பி துடைப்பத்துக்குக் கை நீட்டியபோது, "விடு, இது என் வேலை" என்றார். அடுத்த வருஷப் படைப்புக்கு இருவரும் வரவில்லை. சாத்தப்பன் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் போன் போடவில்லை.