எடையில்லாத சடையாண்டி

பூசணிப்பட்டிக்காரர்களைப் பார்த்து யாரும் ஊருக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. பெயர் முதலிலேயே இருந்தது; ஊர்தான் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு ஏற்றபடி ஆனது. புரோட்டா கடை வந்தது. அடுத்த தெருவுக்குப் போகவும் பைக் வந்தது. அதன்பிறகு எல்லோருடைய சட்டையும் இறுகிக்கொண்டே போனது. தண்ணீர் பட்டுத்தான் துணி சுருங்குகிறது என்று கண்டுபிடித்து, ஊரே துவைப்பதை நிறுத்திவிட்டது.

அந்த ஊர்ச் சாமியின் பல்லக்கில் முன்தண்டு பிடிப்பவன் சடையாண்டி. அவன் அப்பன் பிடித்த தண்டு அது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஊர் அவனைத் திரும்பிப் பார்க்கும். ஆடித் திருவிழாவுக்கு முன்னால் முகாம் போட வந்த டாக்டரம்மா அவனை எடை பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஐயா, இப்படியே போனா இன்னும் பத்து வருஷத்துல சர்க்கரை, இருதயம், முட்டித் தேய்மானம்னு எல்லாம் வரிசையா வரும். எடையைக் குறைங்க. அதுவரைக்கும் பல்லக்குத் தூக்காதீங்க. சாப்பாட்டைப் பாதியாக்குங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி நடங்க."

சடையாண்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். வியாதி வர இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. திருவிழா அடுத்த வாரம்.

அன்றைக்கே தட்டின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தான். ஒரு பாதியைத் தொடவேயில்லை. மறுபாதியில் சோறு கோபுரமாக எழும்பி நின்றது.

நடையிலும் குறை வைக்கவில்லை. புரோட்டா கடைக்கு நடந்தான். நடந்துவிட்டதால் சாப்பிட்டான். வீட்டுக்கு நடந்தான். அங்கேயும் சாப்பிட வேண்டியதாயிற்று. பாவம், வைத்தியத்துக்காக மனுஷன் அப்படிப் பாடுபட்டான்.

திருவிழா அன்று காலை, எடை குறைந்துவிட்டதா என்று பார்க்க அவனைக் கோயில் தராசில் உட்கார வைத்தார்கள். எடைக்கு எடை வெல்லம் காணிக்கை கொடுக்கும் தராசு அது. எதிர்த்தட்டில் போன வருஷத்தைவிட இரண்டு கூடை வெல்லம் அதிகமாக வைத்த பிறகுதான் முள் நேராக நின்றது. சடையாண்டியின் கண் கலங்கிவிட்டது.

"அழாதே மாப்ளே," என்றான் அவன் மச்சான் ஒச்சப்பன். ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன். "ஒன் எடை எங்கே இருக்கு?"

"ஒடம்புல."

"இல்லே. எதிர்த்தட்டுல. வெல்லம் எவ்வளவோ, அவ்வளவுதான் நீ. வெல்லத்தைக் குறைச்சா எடை குறைஞ்சுது."

ஊர்ப் பெரியவர் அம்பலகாரர் ரொம்ப நேரம் யோசித்துத் தலையாட்டினார். அவரும் ஒச்சப்பனும் வெல்லத்தைத் தின்று குறைக்கத் தொடங்கினார்கள். சடையாண்டி இருந்த தட்டு டமாரென்று தரையில் இடித்தது.

"கூடிப்போச்சே," என்றான் சடையாண்டி.

"பதறாதே. வெல்லம் எங்கேயும் போகலே, எங்க வயித்துலதான் இருக்கு," என்றார் அம்பலகாரர். வெல்லம் இருக்க வேண்டிய தட்டில் அவரும் ஒச்சப்பனும் ஏறி உட்கார்ந்தார்கள். சடையாண்டி விர்ரென்று மேலே போனான்.

கீழே கூட்டம் எதிர்த்தட்டை எட்டிப் பார்த்தது. தட்டில் ஒரு வெல்லக்கட்டிகூட இல்லை. ஆகவே சடையாண்டிக்கு எடையே இல்லை. அதனால்தான் பறக்கிறான்.

"ஆடிக்காத்து வேற. விட்டா மலைக்கு அந்தாண்டை போயிருவான்," என்றார் அம்பலகாரர். கால்களைப் பிடித்து இறக்கினார்கள். கனமே இல்லாதவனை முன்தண்டில் விட முடியாது, காற்று வந்தால் பல்லக்கையும் கிளப்பிக்கொண்டு போவான். கடைசியில், பல்லக்குக்குள் சாமிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். எடை இல்லாதவன் ஏறினால் யாருக்கு என்ன பாரம்? அப்பன் தண்டைத்தான் பிடித்தார், தான் உள்ளேயே ஏறிவிட்டோம் என்று சடையாண்டிக்கு நெஞ்சு நிறைந்தது.

தூக்கியவர்களுக்கு முதல் தெருமுனையிலேயே முட்டி மடங்கியது. பல்லக்கை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்கள்.

"போன வருஷம் இவ்வளவு கனம் இல்லியே," என்றான் ஒச்சப்பன். "சடையாண்டிக்கு எடை கெடையாது. அப்ப வேற யாரு?"

எல்லோரும் மெதுவாகச் சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நம்ம தப்புதான்," என்றார் அம்பலகாரர் துக்கத்தோடு. "தெனமும் சக்கரைப் பொங்கல், புளியோதரை. நடையே கெடையாது. வருஷத்துல ஒருநாள் வெளியே வர்றதும் நம்ம தோள்ல. அடுத்த முகாமுக்கு முத ஆளா சாமியைக் கூட்டிட்டுப் போயிரணும்."

"அதுவரைக்கும் தள்ளிப்போட வேண்டாம்," என்றான் உள்ளேயிருந்து சடையாண்டி, சாமிக்குப் படைக்க வைத்திருந்த பொங்கல் தூக்குச்சட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு. "இன்னைலேருந்தே சாமிக்குப் பாதிதான். மீதிப் பாதிக்கு நானாச்சு."