ஒரே குழியில் நட்ட அரசும் வேம்பும்

விளம்பி ஆண்டு, ஆடித் திங்கள் ஒன்பதாம் நாள். காலை முதல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கு மலை கண்ணுக்குத் தெரியவில்லை.

சிற்றாற்றங்கரை மடத்துக்கு அம்பலவாணர் கோடரியோடு வந்தார். மடத்து அடிகளுக்கு அவர் மாணாக்கர். வயதில் அடிகளைவிட மூத்தவர்.

"விறகு பிளக்கவா? எல்லாம் நனைந்து கிடக்கிறதே!" என்றார் அடிகள்.

"அரசை வெட்ட வந்தேன், சுவாமி."

முற்றத்தில் அரசும் வேம்பும் பின்னி நின்றன. பிள்ளை வரம் வேண்டி, அம்பலவாணரும் அவர் மனைவி கோமதியும் வழக்கப்படி ஒரே குழியில் நட்டு, தாலி கட்டி மணம் செய்வித்த கன்றுகள் அவை. வரம் கிடைத்தது. மகளைப் பெற்ற அன்றே கோமதி இறந்தாள். முகத்தைக்கூடப் பாராமல் குழந்தையைச் சங்கரன்கோவிலுக்கு, மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அம்பலவாணர். அவளுக்கு இப்போது எட்டு வயது.

அரசின் வேர்கள் வேம்பை இறுக்கியிருந்தன. வேம்பின் கிளைகளில் பாதி பட்டுவிட்டன.

"கோமதி நீர் வார்த்த வேம்பு. அதை இது கொல்கிறது."

"ஆம்."

"ஆம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறீர்களே!"

மைனா ஒன்று வேப்பம்பழத்தை விழுங்கியது.

"அதுவும் தின்னத்தானே செய்கிறது?" என்றார் அடிகள்.

"தின்றாலும் விதையை எங்கோ கொண்டுபோய்ப் போடுகிறது, இரண்டுக்கும் பிழைப்பு. கூடு கட்டும் காக்கையால்கூட வேம்புக்கு இழப்பில்லை. இந்த அரசு வாழத்தான் அது சாகிறது."

"அரசை வெட்டினால் வேம்பு பிழைக்குமா?"

அம்பலவாணர் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். "பிழைக்காது. உள்ளே உளுத்துவிட்டது."

"பின் எதற்குக் கோடரி?"

"தண்டனை வேண்டாமா, சுவாமி?" அவர் குரல் உடைந்தது. "ஓர் உயிரைத் தின்றுதானே இது தளிர்த்தது!"

அடிகள் அரசந்தளிர் ஒன்றை விரலால் நிமிர்த்தினார். செந்நிறம் மாறாத தளிர்.

"இது வேம்பை அறியாது, அம்பலவாணரே. வெயிலை மட்டுமே அறியும்."

அம்பலவாணர் கோடரியைக் கீழே வைத்தார்.

அரசு வெட்டப்படவில்லை. அடுத்த பங்குனியில் வேம்பு முற்றும் பட்டது. அதற்கு முன்பே, அந்த ஆடியிலேயே, அம்பலவாணர் சங்கரன்கோவிலுக்குச் சென்றார். "மாமா, யாரோ வந்திருக்கிறார்கள்" என்று மகள் உள்ளே ஓடினாள். அவரோடு வர மறுத்துவிட்டாள். அவர் அவ்வூரிலேயே குடியேறினார். நாள்தோறும் அவளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். வழியில் அவள் பேசுவதில்லை.