ஒரு வாய் தெளிந்த தண்ணீர்

அல்லிக்குளத்தில் விடிந்ததும் முதலில் இறங்குவது எருமைகள்தான். அது அந்தக் காட்டு வழக்கம். அவை ஆசைதீரப் புரண்டு, சேற்றைக் கிளறிவிட்டு, வெயில் ஏறியதும் கரையேறும். மிஞ்சிய கலங்கலைத்தான் மான்களும் முயல்களும் நண்டுகளும் குடிக்க வேண்டும். நண்டுகளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கரையில் வளை தோண்டக் கூடாது. தோண்டினால் கரை உடைந்துவிடும்.

இருந்தாலும் என்ன குளம் அது! அல்லி பூத்த நாட்களில் பத்து மரம் தள்ளி நின்றாலும் வாசம் வரும்.

ஒரு கோடையில் பொறிச்சி என்ற மானின் குட்டி கலங்கல் குடித்து நோயில் விழுந்தது. அவள் எருமைத் தலைவர் முறுக்குக்கொம்பரிடம் ஓடினாள்.

"ஐயா, நீங்கள் இறங்குமுன் குட்டிகள் மட்டும் ஒரு வாய் குடிக்கட்டுமே!"

"இன்றைக்குக் குட்டி என்பாய். நாளைக்கு நீயே வந்து நிற்பாய். போ, போ!"

வளையன் என்ற நண்டு கேட்டது. "வாரத்துக்கு ஒரு நாளாவது விடுங்கள், ஐயா!"

"வாய் நீண்டுவிட்டதா? இனிச் சாயங்காலம் வரை கரையேற மாட்டோம்!"

மலைக்கு அந்தப் பக்கம் நாணல்குளம். அங்கும் எருமைகள்தான் முதலில். ஆனால் அங்கிருந்த கிழட்டு எருமை முனகிக்கொண்டே குட்டிகளுக்கு வழிவிட்டது. மறு கோடையில் தாய்களுக்கும் விட்டது. அதற்கப்புறம் யார் முதலில் இறங்கினார்கள் என்று எவரும் கவனிக்கவே இல்லை.

அல்லிக்குளத்தில் பொறிச்சியின் குட்டி செத்துப்போனது.

"அக்கா, கேட்டுப் பார்த்தாயிற்று. இனிக் கேட்கப்போவதில்லை!" என்றது வளையன். நண்டுகள் கூட்டமாய்க் கரையில் ஏறித் தோண்டின. முயல்களும் சேர்ந்துகொண்டன. ஈரம் கசிந்தது.

முறுக்குக்கொம்பர் அலறிக்கொண்டு வந்தார். "நிறுத்துங்கள்! நாளை முதல் குட்டிகளே முதலில் குடிக்கட்டும்!"

"அதைத்தானே அன்றைக்குக் கேட்டேன், ஐயா!" என்றாள் பொறிச்சி.

கரை உடைந்தது. குளம் முழுவதும் காட்டுக்குள் ஓடி மறைந்தது. வெறும் சேற்றில் அல்லிகள் படுத்துக் கிடந்தன. எருமையும் மானும் நண்டும் ஒரே வழியில் நாணல்குளத்துக்கு நடந்தார்கள். ஜெயித்தவர்கள் போல ஒருவரும் நடக்கவில்லை. பொறிச்சி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சிறிய மாற்றத்துக்கு வழிவிட மறுப்பவர்களே பெரிய புரட்சியை வரவழைத்துக்கொள்கிறார்கள்.