பஸ்ஸின் பின்னால் ஓடிய சிறுமி

சிறுகதைத் தாள் நடத்த வந்த திலகவதிக்குத்தான் அந்த வகுப்பிலேயே வயது குறைவு. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படிப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு நேரடி வகுப்பு நடந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

திலகவதி அவர்களை அண்ணன் என்றும் அக்கா என்றும் கூப்பிட்டார். அவர்கள் அவரை மேடம் என்றார்கள்.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் திலகவதிக்கு இல்லை. முதல் வகுப்பில் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, “சிறுகதைன்னா எத்தனை பக்கம் மேடம் இருக்கணும்?” என்று கேட்டார்.

“காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது உங்க வீட்ல என்ன சொன்னாங்க அண்ணே?”

அவர் சிரித்துவிட்டு ஆரம்பித்தார். மனைவி என்ன சொன்னாள், அதற்கு இவர் என்ன சொன்னார், நடுவில் மாமியார் எப்படிப் புகுந்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். வகுப்பு சிரித்தது. கடைசியில், “அவ்வளவுதான் மேடம்” என்றார்.

“அவ்வளவு பக்கம்” என்றார் திலகவதி.

அந்த வகுப்பில் மாரீஸ்வரி, செல்வராணி என்று இரண்டு பேர் படித்தார்கள். மாரீஸ்வரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். செல்வராணி அங்கன்வாடியில் டீச்சர். இருவரும் கயத்தாறு பக்கம். ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்து வருவார்கள். வயதில் மூத்தவள் மாரீஸ்வரி. செல்வராணி அவளை மாரிக்கா என்று கூப்பிடுவாள்.

ஆளுக்கொரு கதை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று திலகவதி சொல்லியிருந்தார். செல்வராணி எழுதிவிட்டாள். மாரீஸ்வரி எழுதவில்லை. கேட்டபோதெல்லாம், “ஊசி போடுறவளுக்குக் கதை எங்கேயிருந்து மேடம் வரும்?” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

செல்வராணியின் கதை நன்றாக இருந்தது. அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போகிற கதை. பஸ் ஸ்டாண்டில் ஒன்பது வயது மகளை உட்கார வைத்துவிட்டு அவர் வேறொரு பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார். திலகவதி நல்ல மதிப்பெண் போட்டார். செல்வராணி அதை ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினாள். படத்தோடு வந்துவிட்டது.

மாரீஸ்வரியிடம் அவள் அதைச் சொல்லவில்லை. பத்திரிகை வந்த அன்று காட்டலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் மாரீஸ்வரியின் சித்தி மகள் ராஜபாளையத்திலிருந்து போன் செய்துவிட்டாள்.

“என்னக்கா, பெரியம்மா கதை புக்குல வந்திருக்கு?”

மாரீஸ்வரியின் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. விஷயம் காதுக்கு வந்ததும் பத்திரிகையை வாங்கிவரச் செய்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி முழுதும் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நான் எப்போடி பஸ் ஸ்டாண்டுத் தரையில புரண்டு அழுதேன்?”

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி முந்தின பஸ்ஸிலேயே ஏறி வந்துவிட்டாள். வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போன பிறகு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நான் படிப்பை நிறுத்திக்கிறேன் மேடம்.”

“ஏன் அக்கா?”

“இவ இருக்கிற வகுப்புல என்னால உட்கார முடியாது.”

கடைசியாக வெளியே போய்க்கொண்டிருந்த செல்வராணி கதவருகிலேயே நின்றுவிட்டாள். திலகவதி அவளையும் உள்ளே கூப்பிட்டார்.

மாரீஸ்வரி பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேஜையில் போட்டாள். “இது என் கதை மேடம். பஸ்ல வரும்போது இவகிட்டச் சொன்னேன். என் வீட்டுக்காரர்கிட்டகூட இதை நான் சொன்னதில்ல. கூடப்பிறந்தவ மாதிரி நெனைச்சுச் சொன்னேன். இவ தூக்கி ஊருக்கே போட்டுட்டா.”

“பேரை மாத்தியிருக்கேன் அக்கா. திருநெல்வேலியை மதுரைன்னு மாத்தியிருக்கேன்” என்றாள் செல்வராணி. திலகவதி பக்கம் திரும்பி, “பார்த்தது கேட்டதுல இருந்து எழுதுங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“அப்ப நான் செஞ்சது தப்பா?”



“தப்பா சரியான்னு எனக்குத் தெரிய வேண்டாம்” என்றாள் மாரீஸ்வரி. “எங்கம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டேங்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இது யாரு கதை? இவ கதைன்னா நான் பேசாமப் போயிடறேன். என் கதைன்னா இவ பத்திரிகைக்கு எழுதிப் போடணும், இது மாரீஸ்வரியோடதுன்னு. நீங்க சொல்லுங்க.”

திலகவதி பத்திரிகையைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். மாரீஸ்வரியிடம் நீட்டினார்.

“வாசிங்க அக்கா. சத்தமா.”

“நானா?”

“தப்பா இருக்கிற இடத்துல நிறுத்துங்க.”

மாரீஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரிக்குள் நிறுத்தினாள்.

“கட்டம் போட்ட சட்டைன்னு இருக்கு. வெள்ளைச் சட்டை. கல்யாண வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துக்கிட்டு இருந்தோம்.”

“சரி. மேல வாசிங்க.”

இன்னும் கொஞ்சம் வாசித்தாள். “ ‘அப்பா அவளை வாரி அணைத்து நெற்றியில் முத்தமிட்டார்.’ ” அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “எங்கப்பாவா? அவர் என்னைத் தொட்டுப் பேசினதே கிடையாது.”

செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மேல வாசிங்க.”

“ ‘பஸ் நகர்ந்தது. அப்பா, அப்பா என்று கதறியபடி சிறுமி பின்னால் ஓடினாள். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.’ ”

அங்கே நிறுத்தினாள். வெளியே வராந்தாக் குழாயில் யாரோ டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கழுவி முடித்துப் போகும்வரை அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஓடலை” என்றாள்.

“நீங்க சொன்னீங்களே மாரிக்கா” என்றாள் செல்வராணி.

“பஸ் போயிருச்சுன்னு சொன்னேன். ஓடினேன்னு சொல்லலை.”

செல்வராணி யோசித்துப் பார்த்தாள். “ஆமா” என்றாள் மெதுவாக. “நானாத்தான் ஓட விட்டேன். அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?”

மாரீஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள். நோயாளியின் பிரஷர் எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லும்போது வருகிற குரலில் சொன்னாள்.

“பூரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”



“பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே ஒரு ஹோட்டல். சங்கரன்கோவில் பஸ் எப்பன்னு கேட்டுட்டு வரச் சொல்லி அப்பா அம்மாவை அனுப்பினாரு. என்னை ஹோட்டல்ல உட்கார வச்சு, பூரி வேணுமான்னு கேட்டாரு. எங்க வீட்டுல எது வாங்கினாலும் தம்பிக்குப் பாதி பிச்சுக் கொடுக்கணும். அன்னைக்குத் தம்பிக்குக் காய்ச்சல்னு பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருந்தோம். முழுசா ஒரு பூரி எனக்கே எனக்குன்னு வந்தது அன்னைக்குத்தான். கிழங்கு நிறைய வச்சிருந்தான். நான் சாப்பிட்டு முடிச்சதும், இன்னொண்ணு வேணுமான்னு கேட்டாரு. வேணும்னேன். உள்ளே பார்த்துச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாரு. எதிர்ல நின்ன பஸ்ல ஏறுறதை நான் பார்த்தேன். பஸ் கிளம்புறதையும் பார்த்தேன். அந்த நேரத்துல ரெண்டாவது பூரி வந்திருச்சு. நல்லா உப்பிப்போய் வந்துச்சு. விரலால குத்தினேன். ஆவி வந்து சுட்டுச்சு. ஊதி ஊதிச் சாப்பிட ஆரம்பிச்சேன்.”

கையிலிருந்த கண்ணாடியை மடித்தாள்.

“ருசியா இருந்துச்சு மேடம்.”

“அம்மா?” என்று கேட்டார் திலகவதி.

“அம்மா வந்து, அப்பா எங்கடின்னு கேட்டுச்சு. எண்ணெய்க் கையாலேயே ரோட்டைக் காமிச்சேன். அம்மா அங்கே கொஞ்ச நேரம் பார்த்துச்சு. பெறகு என்னைக் கூட்டிட்டுப் போய்க் கை கழுவி விட்டுச்சு. ஹோட்டல்காரனுக்குக் காசு கொடுத்துச்சு. முந்தானையில என் வாயைத் துடைச்சு விட்டுச்சு. அடுத்த பஸ்ல ஏறி ஊருக்கு வந்துட்டோம். வழியில ஒரு வார்த்தை பேசலை. அழவும் இல்லை. இன்னைக்கு வரைக்கும் எங்கம்மா அழுது நான் பார்த்ததில்லை. அதை இவ தரையில புரள விட்டுட்டா.”

செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதை ஏன் எங்கிட்டச் சொல்லலை அக்கா?”

“எப்படிச் சொல்றது? அப்பா பஸ் ஏறிட்டாருன்னு சொன்னதுமே நீ அழ ஆரம்பிச்சிட்ட. பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. அழுறவகிட்டப் போய், நான் பூரி தின்னேன்னு சொல்ல முடியுமா? அதோட நிறுத்திக்கிட்டேன்.”

செல்வராணிக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. “நான் உங்க வீட்டுக்கு வாரேன் அக்கா. அம்மாகிட்ட நானே பேசுறேன். எழுதினது நான்தான், நீங்க சொன்னது அது இல்லைன்னு சொல்றேன். பத்திரிகைக்கும் இன்னைக்கே எழுதிப் போடறேன், இது உங்க கதைன்னு.”

“அம்மாகிட்ட வந்து சொல்லு. அது போதும்” என்றாள் மாரீஸ்வரி. “பத்திரிகைக்கு என்னன்னு எழுதுவ? இதுல ஓடுறது நான் இல்லையே. முத்தம் கொடுக்கிறது எங்கப்பா இல்லை. புரள்றது எங்கம்மா இல்லை. இதை எப்படி என் கதைன்னு எழுதுவ?”

சொல்லி முடித்தவளுக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. பத்திரிகையை மடித்தாள். தன் பையில் வைக்கப் போனவள், நிறுத்தி, செல்வராணியிடம் கொடுத்தாள். செல்வராணி வாங்கிக்கொண்டாள்.

சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. மின்வாரியக்காரர் கதவருகே வந்து, உள்ளே இருந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டு, வராந்தாவிலேயே நின்றுகொண்டார்.

“மேடம், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலை” என்றாள் மாரீஸ்வரி.

திலகவதி எழுந்து கரும்பலகையில் காலையில் எழுதியிருந்ததை அழித்தார். துடைப்பானை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அந்த ரெண்டாவது பூரியை முழுசாச் சாப்பிட்டீங்களா அக்கா?”

மாரீஸ்வரிக்கு அது நினைவுக்கு வர ஒரு நிமிஷம் ஆயிற்று. வந்ததும் முகம் மாறியது. சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

திலகவதி கையைக் காட்டித் தடுத்தார். மேஜையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எங்கிட்டச் சொல்லாதீங்க. செல்வராணி அக்காகிட்டயும் சொல்லிடாதீங்க.”