பஸ்ஸில் போன ரத்தம்

"இன்னும் எத்தனை நாள்தான் மேடம் இதை மேசை மேலயே வச்சிருப்பீங்க?"

ஜெசிந்தா கேட்டது தன் ஆய்வேட்டைப் பற்றி. ஆறு வருட உழைப்பு, இருநூற்றுப் பத்துப் பக்கம், நீல அட்டை. கைடு உமையாள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மூன்று வாரமாக அந்த ஒன்றுதான் வரவில்லை.

ஜெசிந்தா தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். நாற்பத்து நான்கு வயது. குருவைவிடச் சீடருக்கு மூன்று வயது கூட. ஜூனுக்குள் டாக்டர் பட்டம் வாங்காவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று நிர்வாகம் வாய் கூசாமல் சொல்லிவிட்டது.

"திருத்தம் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா கையெழுத்துப் போடுங்க."

"திருத்தம் ஒண்ணும் இல்ல. ரொம்பச் சுத்தமா இருக்கு," என்றார் உமையாள்.

பாராட்டுகிற குரலாக அது இல்லை.

ஆனால் சுத்தமாகத்தான் இருந்தது. புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற பொடித் துணுக்குகள் சில கூடிவிடும். அவற்றைப் பிடிக்கத்தான் ஜெசிந்தாவின் தங்கக் கரைசல். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் அதில் மிதக்கும். நிறம் மாதுளைச் சாறு. துணுக்கு வந்து சிக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், மாதுளை நாவல்பழமாகும். எவ்வளவு மாறியது என்று ஒளிமானி எண்ணில் சொல்லிவிடும்.

நோயாளிகள் அறுபது பேர். அறுபதும் நாவல்.

நோயில்லாதவர்கள் அறுபது பேர். அறுபதும் மாதுளை.

ஒருவர்கூட இடம் மாறவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

"நோயாளிங்க ரத்தம் எப்படி வருது?" என்றார் உமையாள்.

"உங்களுக்குத் தெரியாததா மேடம்? உங்க ஆராய்ச்சிப் பேப்பருக்கு வந்த மாதிரியேதான். அதே கடலோர ஆஸ்பத்திரி. ஐஸ் பெட்டியில போட்டு பஸ் டிரைவர்கிட்டக் கொடுத்துவிடுவாங்க. அஞ்சு மணி நேரம்."

"நோயில்லாதவங்க ரத்தம்?"

"நம்ம ஸ்டூடன்ட்ஸ், ஸ்டாஃப். கீழ ஹெல்த் சென்டர்ல எடுக்கறது. ரெண்டு மாடி ஏறினா லேப்."

உமையாள் ஆய்வேட்டை மூடினார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு விருது தொங்கியது. இதே தங்கத்துக்கும் இதே நோய்க்கும் பதிமூன்று வருடம் முன்பு அவர் வாங்கியது. ஜெசிந்தாவின் ஆய்வேட்டில் முதல் மேற்கோளே அந்தப் பேப்பர்தான்.

இழுப்பறையைத் திறந்து இரண்டு காலி டியூப்களை எடுத்து வைத்தார்.

"நாளைக்குக் காலையில உங்க ரத்தத்தை இதுல எடுங்க. ஒரே கை, ஒரே ஊசி. ஒண்ணை ஐஸ்ல போட்டு இங்க என் மேசை மேல வைங்க. இன்னொண்ணை ஐஸ்ல போட்டு பஸ்ஸுல எடுத்துட்டுப் போங்க. பாதி வழி போய்த் திரும்பினா அஞ்சு மணி நேரம் ஆயிடும்."

"எதுக்கு மேடம்?"

"பெட்டியை டிரைவர் பக்கத்துல, பார்சல் வைக்கிற இடத்துல வைங்க."

"யார் கூட வருவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க."

மறுநாள் பஸ் நிலையத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா உட்கார்ந்திருந்தார். இந்த வயதில், இன்னொரு பொம்பளை சொன்னாள் என்று, தன் ரத்தத்தையே தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டுமாம்.

ஏறாமலே இருந்துவிட்டால்தான் என்ன? மின்விசிறிக்குக் கீழே ஐந்து மணி நேரம் உட்கார்ந்து இரண்டு காபி குடித்துவிட்டுத் திரும்பினால் யாருக்குத் தெரியும்?

பஸ் வந்தது. ஏறினார். நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம், சுத்தத் திமிர். இரண்டும் மாதுளையாக வரும், அதைக் கொண்டுபோய் அந்த உமையாள் முகத்துக்கு நேரே நீட்டவேண்டும். அதற்காகத்தான் ஏறினார்.

சாலை பாதி குழி, பாதி வேகத்தடை. டிரைவர் பக்கத்தில் பெட்டி குதித்துக்கொண்டே போனது, குதித்துக்கொண்டே வந்தது.

மாலையில் இரண்டு டியூப்களையும் மெஷினில் சுழற்றி, மேலே நின்ற தெளிவை எடுத்துத் தங்கத்தில் விட்டார். பார்த்தார். கைப்பிழை என்று நினைத்து மறுபடியும் விட்டார். மூன்றாவது முறையும் அதேதான்.

உமையாளின் அறைக்கு வந்து நின்றார்.

"என்ன வந்துச்சு?"

"மேசை மேல இருந்தது மாதுளை. பஸ்ஸுல போனது நாவல்."

"அப்ப உங்களுக்குப் புற்றுநோய்."

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்!"

"உங்க ஆய்வேடு அப்படிச் சொல்லலையே."

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். வேதியியல் சொல்லித்தரும் அவருக்கு இதற்கு விளக்கம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"குலுங்கினா சிவப்பணு உடையும். அதுக்குள்ளயும் இதே துணுக்கு கொள்ளை கொள்ளையா இருக்கு. உடைஞ்சா எல்லாம் வெளிய கொட்டிடும்." நீல அட்டையைப் பார்த்தார். "ஆறு வருஷமா நான் நோயைக் கண்டுபிடிக்கல மேடம். பஸ்ஸுல வந்தவங்க யாரு, மாடி ஏறி வந்தவங்க யாருன்னு கண்டுபிடிச்சிருக்கேன்."

உமையாள் ஆய்வேட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அதன் மேல் பேனாவை வைத்தார்.

"போடச் சொன்னா போடறேன்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுடக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டேன்."

ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்து கத்த வாயெடுத்தவர் கண்ணில் சுவரில் இருந்த விருது பட்டது. அதே ஆஸ்பத்திரி. அதே பெட்டி.

"உங்க கைடு உங்களை இப்படிச் செஞ்சு பார்க்கச் சொல்லலையா?"

"சொன்னார். அவரும் ரெண்டு டியூப்தான் கொடுத்தார்."

"என்ன வந்துச்சு?"

"ரெண்டும் மாதுளைன்னு எழுதிக் கொடுத்தேன். அன்னிக்கே கையெழுத்துப் போட்டார்."

"அதெப்படி மேடம்? அதே ரோடு, அதே அஞ்சு மணி நேரம்…"

"நான் பஸ் ஏறல," என்றார் உமையாள்.