வாசலில் ஒரு பிடிச் சோறு

உடம்புக்குள் இருக்கும் செல்களெல்லாம் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஈரல் என்றொரு ஊர் இருந்தது. ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு. வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும். யார் வீட்டில் என்ன சமையல் என்று அடுத்தவர் கேட்கக் கூடாது, காவல்காரரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அது அந்த ஊர்க் கட்டுப்பாடு.

ஒச்சப்பன் என்ற வெள்ளைச் செல்தான் அங்கே காவல். ரத்த ஆற்றில் வந்து போவான். கிருமி என்று தெரிந்தால் விசாரணையே கிடையாது, ஒரே குத்து. ஆனால் அவனுக்கு முகம் பார்த்துத்தான் பழக்கம். வெளியூர் முகம் என்றால் எதிரி, உள்ளூர் முகம் என்றால் சொந்தம். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த சட்டம்.

பூவாயியும் சடையனும் அந்த ஊரில் அடுத்தடுத்த வீடு. ஒரே தாய்ச் செல் இரண்டாகப் பிரிந்ததில் பிறந்த அக்கா, தம்பி. ஒருநாள் சடையனின் சமையல் முறையில் ஏதோ பிசகிவிட்டது. அதன்பின் அவன் பசி அடங்கவே இல்லை. தன்னைப் போலவே இரண்டு, நான்கு, எட்டு என்று பிள்ளைகளைப் பெருக்கினான். ரத்த ஆற்றிலிருந்து தன் வீட்டுக்கு மட்டும் வாய்க்கால் வெட்டிக்கொண்டான். அக்கம்பக்கத்தில் நாலு வீடு பட்டினியில் செத்தது. பூவாயி வீட்டுச் சுவரும் நெரியத் தொடங்கியது.

அவள் ஒச்சப்பனை வழிமறித்தாள்.

"அண்ணே, என் தம்பி முன்ன மாதிரி இல்ல. வந்து பாருங்க."

"பாத்தேன் தாயி. நம்மூரு முகந்தானே? குடும்பச் சண்டைய எங்கிட்டக் கொண்டாராத."

"முகத்தப் பாக்காதீங்கண்ணே. அவன் அடுப்புல என்ன வேகுதுன்னு பாருங்க."

"அடுப்படிய எட்டிப் பாக்க எனக்கேது உரிமை?"

பூவாயி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, அதுவரை யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். உள்ளே போய், அன்று தன் அடுப்பில் வெந்ததில் ஒரு பிடி அள்ளி வந்து வாசற்படியில் வைத்தாள். ஊரே முகம் சுளித்தது.

"இது என் வீட்டுச் சோறு. தொட்டுப் பாருங்க. இதே மாதிரி எல்லா வாசல்லயும் வைக்கச் சொல்லுங்க."

"உன் சோறும் பிசகியிருந்தா? ஒரே வயித்துல பொறந்தவ நீ. அப்புறம் நான் யோசிக்க மாட்டேன், குத்திப்புடுவேன்."

"குத்துங்க. ஊரு பொழைக்கட்டும்."

தன் சோறு நல்ல சோறுதானா என்று அவளுக்கே தெரியாது. ஒச்சப்பன் நிதானமாகத் தொட்டுப் பார்த்தான். நல்ல சோறுதான்.

அதைப் பார்த்து வீட்டுக்கு வீடு வாசலில் பிடிச்சோறு வந்தது. சடையனும் வைத்தாக வேண்டியதாயிற்று. தொட்டதுமே ஒச்சப்பன் கையை உதறினான்.

"இது நம்மூருச் சமையலே இல்லையே!"

சடையன் பதறவில்லை. ஒச்சப்பனின் கையைப் பாசமாகப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நாம எல்லாரும் ஒரே கருவுலேருந்து வந்தவங்க. என்னையா குத்தப் போறீங்க?"

குத்த எழுந்த ஒச்சப்பனின் கை தாழ்ந்தது. சொந்தத்தைக் கொல்லக் கூடாது என்று பழகிய கை. அதைக் குறை சொல்ல முடியுமா?

பூவாயிதான் குறுக்கே வந்து அந்தக் கைகளைப் பிரித்துவிட்டாள். அழுதுகொண்டே பிரித்தாள். ஒச்சப்பன் ஒரே குத்து குத்தினான். பிறகு தன்னைப் போலவே ஆயிரம் காவலரை உண்டாக்கி, சடையனின் பிள்ளைகளையும் தேடிப் போனான். அவர்களில் சில கெட்டிக்காரர்கள் வாசலில் எதுவுமே வைக்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த வெறும் வாசலே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த நாள் தொட்டுத்தான் நம் உடம்பின் செல்கள் தங்கள் அடுப்பில் வெந்த புரதத்தில் ஒரு பிடியை வாசலில் வைக்கின்றன. காவலரும் வீடு வீடாகத் தொட்டுப் பார்த்தபடி போகிறார்கள். சடையனைப் போன்ற புற்றுநோய்ச் செல் இன்றும் சில நேரம் அவர்கள் கையைப் பிடித்து ஏமாற்றத்தான் செய்கிறது, இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனாலும் நீங்கள் இதைப் படிக்கும் இந்த நொடியில்கூட, கோடானுகோடி வாசல்களில் அந்தச் சோறு இருக்கிறது, பிசகியிருந்தால் என்னைக் கொன்றுவிடு என்று.