பொன்னரசிக்குச் சோறு ஊட்டும் விதம்

“எனக்கப்புறம் இவளுக்கு யாரு சாமி?”

மடத்துக்குள் வந்த தவமணி, கும்பிடக்கூட மறந்து இதைத்தான் கேட்டாள். இடுப்பில் மகள் பொன்னரசி. எட்டு வயது. நடக்க வராது, பேச்சும் வராது. ஒரு வாய் சோற்றை விழுங்குவதே அவளுக்குப் பெரும்பாடு.

அவளுக்கு ஊட்டத் தெரிந்தவள் தாய் ஒருத்திதான். புரையேறி ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்கிக்கொண்டார்கள். கட்டியவன் பிழைக்கப் போன ஊரிலேயே தங்கிவிட்டான். தவமணி நடவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. வேலைக்குப் போகாத வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? பாதி நாள் இருவருக்கும் கஞ்சித் தண்ணீர்தான்.

மடத்துச் சாமியார் பதில் சொல்வதற்குள் சீடன் அருளானந்தம் முந்திக்கொண்டான். பந்தியில் சோறு பரிமாறுவதோடு பதில் பரிமாறுவதும் தன் வேலை என்று அவனுக்கு நினைப்பு.

“கடவுள் பாத்துப்பாரும்மா.”

“பாத்துக்கட்டும். அவருக்கு இவளுக்குச் சோறூட்டத் தெரியுமா?”

சாமியார் எழுந்து போனார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் தெரியாதும்மா. சொல்லிக்கொடு.”

தவமணிக்குப் பயமாகிவிட்டது. ஆனாலும் சொல்லிக்கொடுத்தாள். சோற்றைக் குழைய மசிக்க வேண்டும். உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சுண்டைக்காய் அளவுதான் ஒரு வாய். விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

சாமியார் நெல்லிக்காய் அளவு ஊட்டினார். பொன்னரசி தும்மினாள். தாடியெல்லாம் பருப்புச்சோறு. அவள் சிரித்த சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது.

“அவசரப்படாதீங்க சாமி,” என்று அதட்டிவிட்டுத் தவமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்படியே அதட்டு,” என்றார் அவர்.

அருளானந்தத்துக்குப் பொறுக்கவில்லை. பந்தியில் நாற்பது பேர் காத்திருக்க, குருநாதர் இப்படி உட்காரலாமா என்று முணுமுணுத்தான்.

“பரிமாறி முடிச்சுட்டு நீயும் கையக் கழுவிட்டு வா.”

அவனுக்குக் கை பழகப் பத்து நாள் பிடித்தது. வாசலில் பூக்கட்டும் சிட்டம்மாள் தினமும் வேடிக்கை பார்த்தாள். இவனுக்கே வருகிறது, எனக்கு வராதா என்று சொல்லி அவளும் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு திங்கட்கிழமை தவமணி நடவுக்குப் போனாள். கை வயலில் இருந்தது, மனசு மடத்தில் கிடந்தது. கரையேறியதும் காலில் ஒட்டிய சேற்றோடு ஓடிவந்தாள்.

சிட்டம்மாள் ஊட்டிக்கொண்டிருந்தாள். தவமணி கையைக் கழுவி, ஒரு வாய் எடுத்து நீட்டினாள். பொன்னரசி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, சிட்டம்மாளிடம் வாயைத் திறந்தாள்.

தவமணிக்குச் சுருக்கென்றது. அப்புறம் அழுகை வந்தது. நின்றபடியே அழுது தீர்த்தாள். சாமியார் என்னம்மா என்று கேட்டார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கும் நடவு இருக்கு சாமி.”